ஆற்றுத் தண்ணியில் கரண்ட்: கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மலைநாட்டில் ஓடையோ ஆறோ இல்லாத தோட்டம் அபூர்வம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டப்பட்டபோது, லயத்து இஸ்தோப்பில் இருந்த பலருக்கும் ஒரே கேள்விதான் வந்திருக்கும். "ஆத்துல தண்ணி எந்நேரமும் சும்மா தானே ஓடுது, இதுல நம்மளே கரண்ட் எடுத்தா என்னா?"

நல்ல கேள்விதான். ஆனால் இப்படி ஒரு திட்டம் வந்தால் குடும்பத்துக்கு இத்தனை நாள் சிரமதானம், மாதாமாதம் இவ்வளவு பணம், சங்கத்தின் பேரில் பல வருஷத்துக்குக் கடன் என்று கையெழுத்துக் கேட்பார்கள். அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிற கிலோவாற்றுக் கணக்கைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் நாலு பேராவது இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஓ.எல். படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

புதுசு இல்லை

தண்ணியில் கரண்ட் எடுப்பது நம் மலைகளுக்குப் புதிய விஷயம் இல்லை. மின்சார சபையின் கம்பி வருவதற்கு முன்னமே நூற்றுக்கணக்கான தேயிலைத் தோட்டங்களில் சின்னச் சின்ன டர்பைன்கள் ஓடின. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்தில் கில்க்ஸ் கம்பனி செய்த சக்கரங்கள் கப்பலில் வந்து மலை ஏறின. அந்தச் சக்தியில் ஸ்டோரில் ரோலர் சுற்றியது, பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் குப்பி லாம்புதான். தண்ணி நம் பீலிக்கு மேலே இருந்து போனாலும் வெளிச்சம் நம் காம்பிராவுக்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்துப் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் இல்லை.

1918 இல் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளில் பெரிய அளவில் மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை எழுதினார். லக்சபானா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950 இல். அதன் பிறகு கம்பி வழியாகக் கரண்ட் வர வர, தோட்டத்து டர்பைன்கள் ஒவ்வொன்றாக நின்று துருப்பிடித்தன.

1990களில் இந்த வேலை மறுபடி உயிர் பெற்றது. ஐ.டி.டி.ஜி. என்ற ஸ்தாபனம் (இப்போது பிரக்டிகல் அக்சன் என்று பெயர்) கம்பி போகாத கிராமங்களில் சிறு நீர்மின் திட்டங்களுக்கு வழிகாட்டியது. பின்னர் உலக வங்கி உதவியோடு 1997 முதல் 2002 வரை ஒரு திட்டமும், 2002 முதல் 2011 வரை அடுத்த திட்டமும் நடந்தன. சப்ரகமுவ, மத்திய மாகாணப் பக்கங்களில் நூற்றுக்கும் மேலான ஊர்களில் சனங்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சொந்தக் கம்பி இழுத்து, சொந்தக் கட்டணம் வைத்து நடத்தினார்கள். வெளிக்கம்பியோடு தொடர்பே இல்லாத குட்டி மின்சார சபை என்று அதைச் சொல்லலாம். நாம் இங்கே பார்ப்பது அப்படிப்பட்ட தனித் திட்டத்தின் கணக்கைத்தான். மின்சார சபைக்குக் கரண்ட் விற்கிற கம்பனித் திட்டத்தின் கணக்கு வேறு. ஏன் வேறு என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது.

உயரமும் தண்ணியும்

ஓடையிலிருந்து கிடைக்கும் சக்தியை இரண்டு சங்கதிகள் தீர்மானிக்கின்றன. ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் தண்ணி வருகிறது, அது எத்தனை மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்பவைதான் அவை. இரண்டையும் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்குங்கள். வருவது வாற்று.

5 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முறைப்படி 9.8 ஆல் பெருக்க வேண்டும். ஆனால் குழாயில் உராய்வு, சக்கரத்தில் இழப்பு, பெல்ட்டில் இழப்பு, ஜெனரேட்டரில் சூடு என்று போய்ச் சின்ன நிலையங்களில் ஏறக்குறைய பாதிதான் கையில் மிஞ்சும். ஆகவே 5. யாராவது 8 ஆல் பெருக்கிக் கணக்குக் காட்டினால், இழப்பை எங்கே சேர்த்தீர்கள் என்று கேளுங்கள்.

உயரம் அளக்க விலை கூடிய கருவி வேண்டாம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஹோஸ் 20 மீற்றர் போதும். தண்ணி நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நிற்பவர் ஹோஸ் நுனியைத் தரையோடு பிடிக்க வேண்டும். கீழே நிற்பவர் தன் நுனியில் தண்ணி நிற்கும் மட்டம் கண்ணுக்கு நேராக வரும் இடம் வரை இறங்க வேண்டும். அவருடைய கண்ணுயரம் ஒன்றரை மீற்றர் என்றால் அந்த இடத்தில் ஒன்றரை மீற்றர் இறங்கியாயிற்று. இப்படி 30 தடவை வந்தால் 45 மீற்றர். இறங்கி வந்தது போல ஒரு தடவை ஏறியும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மூன்றாம் தடவை. கைப்போனில் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம், அது பல மீற்றர் தவறும்.

தண்ணி அளப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சின்ன ஓடை என்றால் வாளி போதும். 20 லீற்றர் வாளி 4 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு 5 லீற்றர். கொஞ்சம் பெரிய ஓடையில் மிதவை விட வேண்டும். ஓரளவு நேராக ஓடும் 10 மீற்றர் துண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி அகலம் 80 சென்ரிமீற்றர், சராசரி ஆழம் 15 சென்ரிமீற்றர் என்று வைப்போம். ஒரு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு 20 செக்கனில் 10 மீற்றரைக் கடக்கிறது. கணக்குப் போட்டால் செக்கனுக்கு 60 லீற்றர் வரும்.

ஆனால் அது 60 இல்லை. மேலே மிதக்கிற துண்டு வேகமாகப் போகும், அடியில் கல்லிலும் கரையிலும் உரசுகிற தண்ணி மெதுவாகத்தான் போகும். நம்முடைய கல்லு ஓடைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். ஆக, 40 தான். "அறுபது லீற்றர் அளந்தோம்" என்று ஒரு அறிக்கை சொன்னால், கழித்த கணக்கா, கழிக்காத கணக்கா என்பது முதல் கேள்வி.

இதைவிடத் திருத்தமான முறை, பலகையில் நடுவில் 90 பாகை 'வி' வெட்டு வெட்டி ஓடைக்குக் குறுக்கே வைப்பது. பக்கத்தாலும் அடியாலும் ஒழுகாமல் களிமண் அடைக்க வேண்டும். வெட்டின் அடியிலிருந்து தண்ணி மட்டம் 10 சென்ரிமீற்றர் நின்றால் செக்கனுக்கு 4 லீற்றர் சொச்சம். 15 நின்றால் 12 லீற்றர். 20 நின்றால் 25 லீற்றர் அளவு. உயரம் இரட்டித்தால் தண்ணி ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடுவதைக் கவனியுங்கள். மட்டத்தை வெட்டின் வாயில் அளக்கக் கூடாது, அங்கே தண்ணி சரிந்து இறங்கும். ஒரு மீற்றர் பின்னால் ஒரு குச்சி நட்டு அதில் அளக்க வேண்டும்.

எந்த மாதத்துத் தண்ணி?

தனித் திட்டத்தில் உயிர்க் கேள்வி இதுதான். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையில் போய் அளந்தால் ஓடை ஆறாகத் தெரியும். அங்கே அளக்க வேண்டியது பெப்ரவரி, மார்ச்சில். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில். ஒவ்வொரு மலைக்கும் அதன் காய்ந்த காலம் இருக்கிறது, அது அந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்குத்தான் தெரியும். வருகிற பொறியியலாளருக்கு ஒரு நாள் தெரியும், பீலியில் நாற்பது வருஷம் தண்ணி பிடித்த பாட்டிக்கு எந்த வருஷம் பீலி நூல் மாதிரி ஒழுகியது என்று தெரியும். அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

கம்பனி கட்டி மின்சார சபைக்கு விற்கிற நிலையத்துக்கு இந்தக் கவலை குறைவு. மழைக்காலத்துத் தண்ணிக்கு ஏற்ற பெரிய மெஷினைப் போடுவார்கள், காய்ந்த காலத்தில் நிறுத்தி வைப்பார்கள். மழையில் விற்ற யூனிற்றுகள் வருஷக் கணக்கைச் சரிக்கட்டும். அப்போது ஊருக்குக் கரண்ட் தருவது வேறு ஆறு, வேறு நிலையம். நம் தனித் திட்டத்துக்கோ பின்னால் யாரும் இல்லை. பெப்ரவரி இருட்டுக்கு ஜூலை வெள்ளம் உதவாது. அதனால் வருஷச் சராசரித் தண்ணியை வைத்துக் கணக்குக் காட்டினால் அந்தத் தாளை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு எடுத்த தோட்டம். பெப்ரவரியில் 40 லீற்றர். அதில் 10 லீற்றரை ஓடையிலேயே விட வேண்டும். அணைக்கும் பவர் ஹவுசுக்கும் இடையில் ஓடை வறண்டால் அங்கே குளிக்கிறவர்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவர்கள், கீழே வயல் செய்கிற நாட்டு சனங்கள், மீன், தவளை எல்லாருக்கும் பாதகம். மிச்சம் 30. உயரம் 45 மீற்றர். 30 ஐ 45 ஆல் பெருக்கி 5 ஆல் பெருக்கினால் 6,750 வாற்று, அதாவது 6.75 கிலோவாற்று.

லயங்களில் 40 குடும்பம். வீட்டுக்கு 150 வாற்று என்றால் 6,000. பிள்ளைக்காம்பிரா, கோயில், தெரு விளக்குக்கு 500. கம்பியில் போகும் இழப்புக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 7,150. போதாது. வீட்டுக்கு 125 ஆகக் குறைத்தால் மொத்தம் 6,050. போதும், கொஞ்சம் மிஞ்சும்.

125 வாற்று என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். 1990களில் அது இரண்டு மூன்று குண்டு பல்போடு முடிந்துவிடும். இன்று 9 வாற்று எல்.ஈ.டி. மூன்று எரித்தால் 27, டீவி 50, போன் சார்ஜ் 10. இன்னும் இடம் இருக்கிறது. குளிர் மலையில் ஃபேன் தேவையில்லை. ஆனால் அயன் பெட்டி 1,000 வாற்று, ரைஸ் குக்கர் 500க்கு மேல், தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் 1,500க்கு மேல். ஒரு வீட்டில் ஒரு கேத்தல் போட்டால் மற்ற 39 வீட்டிலும் வெளிச்சம் மங்கும், இல்லாவிட்டால் மெஷின் நின்றுவிடும். அதனால்தான் கிராமத் திட்டங்களில் வீட்டுக்கு வீடு சின்ன பிரேக்கர் வைத்து, மீற்றர் இல்லாமல் இத்தனை வாற்றுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கினார்கள். சமையல் விறகிலோ காஸிலோதான் நடக்கும். இதை முதல் கூட்டத்திலேயே பெண்கள் முன்னால் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் வந்தால் அடுப்புப் புகை போய்விடும் என்று நம்பிக் கல் சுமந்துவிட்டுப் பிறகு இல்லை என்றால், அடுத்த மாதமே காசு கட்டுவது நின்றுவிடும்.

யூனிற் விலை என்ற மாயம்

6.75 கிலோவாற்று மெஷின் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 4,860 யூனிற். கடன் தவணை, ஓட்டுநர் சம்பளம், பேரிங், பெல்ட், திருத்த வேலைக்கு ஒதுக்கும் பணம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் யூனிற் பத்து ரூபாய்க்கும் குறைவு. அறிக்கையில் இதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

ஆனால் பகலில் யார் எரிப்பது? எல்லாரும் மலையில். சாயங்காலம் 6 முதல் 11 வரை 5 மணித்தியாலம்தான் முழுப் பாரம். அது மாதம் 825 யூனிற். மற்ற நேரத்துச் சில்லறைப் பாவனை 150 என்றால் மொத்தம் 975. மிச்சம் ஐந்தில் நாலு பங்கு கரண்டைத் தண்ணித் தொட்டியில் போட்ட ஹீற்றர்தான் குடிக்கும், மெஷின் வேகம் தப்பாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு வைப்பார்கள். 48,000 ஐ 975 ஆல் வகுத்தால் யூனிற் 49 ரூபாய். வீட்டுக்கு மாதம் 1,200 ரூபாய். மின்சார சபைப் பில்லோடும், கூரையில் சோலார் போடும் செலவோடும் ஒப்பிட வேண்டியது இந்த 1,200 ஐத்தான்.

பகலில் வேலை கொடுத்தால் இது மாறும். மிளகாய், அரிசி அரைக்கிற மில், தச்சுப் பட்டறை, தையல் மெஷின்கள் என்று எதுவானாலும் பகல் கரண்டுக்குக் காசு கொடுக்கிற ஒன்று வேண்டும். நம் அபிப்பிராயத்தில், பகலில் யார் வாங்குவார் என்று எழுதாத திட்டம் அரைத் திட்டம். தண்ணியைச் சேர்த்து வைப்பது இன்னொரு வழி. 18 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழத்தில் ஒரு குளம் வெட்டினால் 270 கனமீற்றர் நிற்கும். பகலில் நிரப்பி, சாயங்காலம் 5 மணித்தியாலம் செக்கனுக்கு 15 லீற்றர் கூடுதலாக விடலாம். 6.75 கிலோவாற்று 10 ஆகிவிடும். ஆனால் குழாயும் மெஷினும் அதற்கேற்றாற்போல் பெரிதாக இருக்க வேண்டும். குழாயில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அதே தண்ணியைப் பாதிக் குறுக்களவுக் குழாயில் விட்டால் உராய்வு இழப்பு முப்பது மடங்கு அளவுக்கு ஏறும்.

குளமும் வாய்க்காலும் எங்கே போகின்றன?

இதில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. லயத்துக்கு மேலே உள்ள சரிவில் மண் வாய்க்கால் வெட்டி, அது ஒழுகி, மழைக்காலத்தில் அந்த மண் ஊறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குளமோ வாய்க்காலோ லயத்துக்கு நேர் மேலே வருகிறதென்றால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்து எழுத்தில் தந்தபின்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும். வாய்க்காலுக்குப் பதில் மூடிய குழாய் போட்டால் செலவு கூடும். அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

மற்றைய காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, குத்தகை கம்பனிக்கு. ஆகவே தண்ணி எடுக்கவும் கம்பி இழுக்கவும் நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வாய்ச் சொல்லுக்கு மதிப்பு இல்லை, துரை மாறினால் சொல்லும் மாறும். பிரதேச செயலகத்திலும் விசாரிக்க வேண்டும். மெஷினும் குழாயும் யாருடைய சொத்து, திட்டம் நின்றால் கடனை யார் கட்டுவது என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

கம்பி ஏற்கெனவே வந்த இடத்தில்

இன்று நாட்டில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் மின்சார சபைக் கம்பி போய்விட்டது. கம்பி வந்தவுடன் கிராமத் திட்டங்கள் பலவும் கைவிடப்பட்டன. சனங்களுக்கு அயன் பெட்டியும் குக்கரும் வேண்டும், 125 வாற்றோடு யார் இருப்பார்? சங்கத்தில் காசு கட்டுபவர் குறைய, ஓட்டுநருக்குச் சம்பளம் இல்லாமல் போக, மெஷின் நின்றது. ஆகவே கம்பி எட்டாத தனி டிவிஷன் என்றாலும், எத்தனை வருஷத்தில் கம்பி வரும் என்று மின்சார சபையில் கேட்டு, கடன் அதற்குமுன் தீருமா என்று பாருங்கள்.

கம்பி உள்ள இடத்தில் ஓடையில் எடுக்கும் கரண்டைச் சபைக்கு விற்கலாமா என்றால், அனுமதியோடு விற்கலாம். ஆனால் 2022 போல வெட்டு வந்தால் நம் லயத்தில் எரியும் என்று எண்ணிவிட வேண்டாம். கம்பியோடு இணைத்த சாதாரண ஜெனரேட்டர், கம்பியில் கரண்ட் போனதும் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். லைன் திருத்துகிறவரின் உயிருக்காக அப்படி. தனியே பிரிந்து ஓட வேண்டுமானால் அதற்கான ஆளியும் வேகக் கட்டுப்பாடும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும், பிறகு சேர்ப்பது லேசு இல்லை.

உங்கள் தோட்டத்தில் பழைய பவர் ஹவுஸ் இருந்தால், காடு வெட்டி உள்ளே போய்ப் பாருங்கள். பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள் உடையாமல் இருந்தால் அது இன்னும் பல வருஷம் சுற்றக்கூடும். இரும்புக் குழாய்தான் பெரும்பாலும் மண்ணைத் தொடுகிற இடத்தில் தின்று போயிருக்கும். மெஷினில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் அடியும் கியூசெக்கும் குதிரைவலுவும் இருக்கும். ஒரு அடி 0.305 மீற்றர், ஒரு கியூசெக் 28 லீற்றர். 150 அடி, 1 கியூசெக் என்றிருந்தால் 46 மீற்றர், 28 லீற்றர். நம் கணக்குப்படி 6,400 வாற்று. தகட்டில் 13 குதிரைவலு, அதாவது 9,700 வாற்று என்று இருந்தாலும் மலைக்க வேண்டாம். அது புதுச் சக்கரத்தின் தண்டில் கிடைத்த அளவு, வீட்டுக்கு வரும் கரண்ட் இல்லை. தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுத்து, காய்ந்த காலத்தில் அளந்த தண்ணிக் கணக்குக் கொப்பியோடு வையுங்கள். இடம் பார்க்க வருகிற பொறியியலாளர் கேட்பது முதலில் அந்த இரண்டையும்தான்.